கேட்காமல் மாட்டிய தாள்

என் மல்லிகாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமும் கழிந்துவிட்டது. உன் ஐந்தாம் வகுப்பு இப்போது என் தலையில். மேசை டிராயரைத் திறந்தால், பேக்கரி வர்க்கிப் பொட்டலங்களிலிருந்து நீ சேர்த்து வைத்த நூலுருண்டைதான் முதலில் கண்ணில் படுகிறது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

இங்கே நிலவரம் நீ பார்த்ததை விட மோசம். தேயிலைக்கு விலை இன்னும் இறங்கிவிட்டது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினால் அதிகம். பறிக்க ஆள் விடாததால் கீழ்க்காட்டுச் செடியெல்லாம் தலைக்கு மேல் வளர்ந்து, பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகள் கண்ணுக்கே தெரிவதில்லை, சத்தம்தான் கேட்கிறது. வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி.

ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் பாடத்தை உன் வழியில்தான் நடத்தினேன். மூன்று பிள்ளைகள் கையில் மூன்று அட்டை. ‘மதர்’, ‘பிளக்ஸ்’, ‘டீ’. இடம் மாறு என்றதும் டீ முன்னால் ஓடி வரும், மதர் பின்னால் போவாள், நடு அட்டை ‘இஸ் பிளக்ட்’ என்று திரும்பும். வகுப்பிலேயே குட்டைப் பிள்ளை ‘பை’ அட்டையோடு அம்மாவுக்கு முன்னால் போய் நிற்கும். விதியை மனப்பாடம் செய்ய வைத்து நான் பத்து நாள் மாரடித்ததை நீ இரண்டே நாளில் முடிப்பாயே, அந்தப் பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கத்தையும் விடவில்லை. வீட்டில் நடந்த ஒன்றை இரண்டு விதமாகவும் எழுதி வர வேண்டும். நன்றாக இருப்பதை நூலில் கோத்துச் சுவரில் மாட்ட வேண்டும். ஆனால் நீ மாட்டும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, “கண்ணு, இதை மாட்டட்டுமா?” என்று கேட்பாய். “ஏன் மல்லி, அதுககிட்டப் போயி பர்மிஷனா? பெல் அடிச்சிரும்” என்று கேலி செய்வேன். “அவ ஊட்டுச் சமாச்சாரம்டி. அவளைத்தான கேக்கோணும்” என்பாய். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று நினைத்தேன். உன்னைப் போல எல்லாம் செய்தவள், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

சுமதியை உனக்குத் தெரியும், எஸ்டேட் குடியிருப்பில் நாலாம் நம்பர் லைன் சரசுவின் மகள். போன வெள்ளிக்கிழமை அவள் எழுதி வந்தது: ‘அங்கிள் டுக் ஃபாதர் டு திருப்பூர். ஃபாதர் வாஸ் டேக்கன் டு திருப்பூர் பை அங்கிள்.’ ஒரு பிழை இல்லை. பூரித்துப் போய் நடுச்சுவரில் மாட்டினேன்.

அவள் அப்பா உடம்பு முடியாமல் சொந்தக்காரர் வீட்டில் படுத்திருப்பதாக எஸ்டேட்டில் லீவு எழுதிக் கொடுத்திருந்தாராம். எனக்குத் தெரியாது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனது தெரிந்தால் எஸ்டேட் ரிஜிஸ்டரில் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் லைன் வீடும் போகும். சரசு தற்காலிக ஆள்தானே, அவள் பேரில் வீடு கிடையாது.

திங்களன்று பள்ளித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த எஸ்டேட் சூப்பர்வைசர், சுவரையும் பார்த்தார். நின்று படித்தார். பிள்ளைகளின் இங்கிலீஷை மெச்சுகிறார் என்று நினைத்து, பல்லை இளித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன் மல்லி! மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நேற்று குழாயடியில் சரசுவைப் பார்த்தேன். “ஏனுங்க டீச்சர், இவதான் எங்கியோ ஒளறியிருக்கறா. அடிச்சுக் கேட்டும் வாயத் தொறக்க மாட்டீங்கறா. ஞாயித்துக்கெழம லாரி வருதுங்க. இங்கிலீசு மட்டும் நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க” என்றாள். சுமதி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் விளாறுக் குச்சி பட்ட தடம் இருந்தது. என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கேட்டிருப்பாய். அவள் வேண்டாம் என்றிருப்பாள். அவ்வளவுதானே?

ஆபீஸில் போய்க் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. வீட்டை என்னால் மீட்டுத் தர முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லாரி கிளம்பும் முன் நாலாம் லைனுக்குப் போவேன். சரசு திட்டட்டும், காறித் துப்பட்டும். “உங்க புள்ள யாருகிட்டயும் சொல்லலீங்க, நாந்தான் சொவத்துல மாட்டுனேன்” என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். கேட்காமல் எடுத்த அந்தத் தாளைச் சுமதியின் கையிலேயே கொடுப்பேன். இது உனக்குத் தரும் வாக்கு.

ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடாமல் உன்னோடு சண்டை மட்டும் போட்ட தங்கை,
வசந்தி