ஊறவைத்த சோளமும் எடுக்காத போனும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் இருமல் அடங்கிவிட்டது, என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். நம்பிக்கொண்டு என்று தெரிந்துதான் எழுதுகிறேன், ஏனென்றால் எதைக் கேட்டாலும் நீ நல்லா இருக்கேன்மா என்கிறாய், காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அதையேதான் சொன்னாய்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்னால் முடியவில்லை கண்ணு. உன் முகம் தெரிந்ததும் பேச நினைத்ததெல்லாம் மறந்துபோய், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதே, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதற்குள் பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள், நீ திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொல்வாய், அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாத யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி இருக்கும். பிறகு சரிம்மா வைக்கட்டுமா என்பாய். அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் நாங்கள் ஏன் எடுக்கவில்லை என்பதை உட்கார்ந்து எழுதுகிறேன். மறுநாள் பேசியபோது வேலையா இருந்தோம் என்று மட்டும் சொன்னேன், நீயும் சரிம்மா என்றாய். அந்தச் சரிம்மாவைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

சென்ற விதைப்பு என்ன ஆனது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ஒரு மழை பெய்தது, நம்பி மக்காச்சோளம் போட்டோம், பிறகு வானம் வாயை மூடிக்கொண்டது. மேல்மண் காய்ந்துவிட்டது, பாதி விதை முளைக்கவே இல்லை, முளைத்ததும் இங்கொன்றும் அங்கொன்றுமாக, சொட்டைத் தலையில் முடி நிற்கிற மாதிரி நின்றது. அப்பா வாழ்நாள் முழுக்க பஸ் பணிமனையில் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்த மனுஷன், எது கெட்டாலும் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும் என்று நம்புகிறவர். இந்த மண்ணை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். வயல் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது இல்லையா, சித்தப்பா வந்தார். அவரைத் தப்பாக நினைக்காதே, அவரும் சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டு இங்கேயும் ஓடி ஓடி அலுத்துப்போனவர்தான். இன்னும் ஒரு தடவை போட்டுப் பாருண்ணே, அதுவும் இப்படியே போச்சுன்னா செங்கல் சூளைக்காரர் கேட்கிறார், மண்ணெடுக்க விட்டுடலாம் என்றார். அப்பா சரி என்று தலையை ஆட்டினார். சூளைக்கு மண் எடுத்தால் அப்புறம் அது வயல் இல்லை, பள்ளம். எனக்கு அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. நீ வந்தால் நிற்பதற்கு நமக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதானே, வீடு கூட வாடகை வீடு.

அப்புறம்தான் ஸ்கூட்டர்ப் பொண்ணு வந்தாள். வேளாண்மை அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருப்பவள், உன் வயதுதான் இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றினால் பின்னல் உன்னுடையது மாதிரியே முதுகில் பாதியில் நிற்கும். முதல்நாள் அவள் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றபோது பாப்பா என்று கூப்பிடவே வாயெடுத்துவிட்டேன். அவள் வயலைப் பார்த்தாள், கையில் மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தாள், விதையை அப்படியே போட்டீங்களாம்மா, ஊறவைக்கலையா என்று கேட்டாள். அப்பா சிரித்துவிட்டார். விதைக்குக் குளியலா, சோப்பும் போடணுமா என்று கேட்டார். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள், குளியல் இல்லப்பா, தாகத்தைத் தீர்த்து அனுப்புறது. மண்ணுக்குள்ள போனதும் விதை முதல்ல தண்ணியத்தான் தேடும். ஈரம் கம்மியா இருந்தா தேடித்தேடியே நாளாயிடும், அதுக்குள்ள மண்ணு காஞ்சிடும். வீட்டுலயே குடிக்க வெச்சு அனுப்பிட்டா போனவுடனே வேர் விடும், ஈரம் கீழ இறங்குறதுக்குள்ள வேரும் கீழ இறங்கிடும். இதுக்கு உரமோ மருந்தோ வேண்டாம், வெறும் தண்ணி போதும் என்றாள். சாயந்திரம் ஊறப்போட்டு, மிதக்கிறதை எல்லாம் அள்ளி எறிந்துவிட்டு, விடிந்ததும் வடித்து நிழலில் பரப்பி, கையில் ஒட்டாமல் உதிரும் அளவுக்கு மேல்ஈரம் போனதும் அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். கடையில் மருந்து பூசிச் சாயம் ஏற்றி விற்கிற விதையை மட்டும் ஊறவைக்கக் கூடாதாம், நம்முடையது வெறும் விதைதான், அதனால் பயமில்லை.

அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. ஒரு இரவு ஊறினாலே இவ்வளவு நல்லதென்றால் இன்னும் ஒரு நாள் கூட ஊறினால் இன்னும் பலம் ஏறும் என்று அவராகவே கணக்குப் போட்டு, பெரிய அண்டாவில் போட்டு மூடி வைத்துவிட்டார். எனக்குத் தெரியாது. என்னடா இது சமையலறையில் புளித்த வாடை வருகிறதே என்று மூடியைத் திறந்தால் நுரை கட்டி, பாதி விதை வெடித்து, வெள்ளை வெள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கூட்டர்ப் பொண்ணு பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அப்பா நான் ஊறத்தான் சொன்னேன், குடித்தனம் வைக்கச் சொல்லல என்றாள். முளை நீண்டதை விதைத்தால் போடும்போதே ஒடிந்துவிடுமாம். ஆடு வைத்திருக்கும் எதிர்வீட்டு அக்கா வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதை என் ஆடு கூடத் தொடாது என்று போய்விட்டாள். கடைசியில் குப்பைக் குழிக்குத்தான் போயிற்று. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நல்லவேளையாக மூட்டையில் விதை மிச்சம் இருந்தது.

அந்தப் பெண் சில நாள் மதியம் நம் வீட்டிலேயே சாப்பிடுவாள். அவள் ஊரும் எங்கோ தூரம். ஒருநாள் கை கழுவப் போன இடத்தில் அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் அலுவலகத்தில் மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டினார் என்று என்னிடம் அழுதிருந்தாள். அவள் அம்மாவிடமோ, நல்லா இருக்கேன்மா, இங்க ஒரு குறையும் இல்ல என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நீ அழுகிறபோது உனக்குத் தட்டு வைக்க அங்கே யாராவது இருக்கிறார்களா கண்ணு? யாராவது ஒரு அக்கா, ஒரு பக்கத்து வீட்டுக்காரி?

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. இதைவிட்டால் அடுத்தது எப்போதோ என்று சாயந்திரமே விதையை ஊறப்போட்டோம். இந்தத் தடவை அப்பா அண்டாப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். காலையில் வடித்து, கூடத்தில் மின்விசிறியைப் போட்டு உன் பழைய படுக்கை விரிப்பிலேயே பரப்பினேன், வேறு பெரிய துணி வீட்டில் இல்லை. விதை ஒவ்வொன்றும் உப்பி, பளபளவென்று, குளித்துவிட்டு வந்த குழந்தைகள் மாதிரி கிடந்தன. டிராக்டர்காரர் வந்து விதைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. காத்திருந்தோம், ஆளைக் காணோம். கடைசியில் போன் செய்தால், வண்டி வழியிலேயே படுத்துடுச்சுக்கா, நாளைக்குத்தான் வரமுடியும் என்கிறார். சும்மா இருக்கிற விதை என்றால் நாளைக்கு ஆகட்டும் என்று மூட்டையைக் கட்டி வைக்கலாம். இது தண்ணீர் குடித்த விதை, உள்ளே உயிர் கிளம்பிவிட்டது, வைத்திருந்தால் வீட்டிலேயே முளைத்துவிடும். வெளியே மண்ணின் ஈரமோ வெயிலில் போய்க்கொண்டே இருக்கிறது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கையாலயே போட்டுடலாம் என்றேன். அவசரத்தில் போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டது போட்டபடியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

அப்பா கயிறு கட்டி வரிசை பிடித்துக் கம்பால் குழி போட்டுக்கொண்டே போக, நான் பின்னால் விதையைப் போட்டுக் காலால் மூடிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்திலேயே முழங்கால் கத்த ஆரம்பித்துவிட்டது. விடுமுறை நாள் என்றும் பார்க்காமல் ஸ்கூட்டர்ப் பொண்ணு வந்து துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். வெயில் சாயும்போது சித்தப்பா வந்தார். என்ன நடக்கிறது பார்க்கலாம் என்றுதான் வந்திருப்பார். அண்ணன் குனிந்து குனிந்து நடப்பதை வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, நகருண்ணே, உனக்கு இருமல் வந்துடும், கம்பைக் குடு என்று வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா ரோட்டிலிருந்து கத்தினாள், ஏய், உன் பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, போன் அலறுது என்று. என் மடி நிறைய விதை. கை முழுக்கச் சேறு. அப்பா, நீ போ, நாங்க பாத்துக்கிறோம் என்றார். நான் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன், இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டேன். நீ இந்நேரம் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு போனைக் காதில் வைத்திருப்பாய் என்று கண்ணில் தெரிந்தது. ஆனால் இன்னும் கால்வாசி வயல் மிச்சம், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, நான் போனால் ஒரு கை குறையும், அந்தக் கால்வாசி முளைக்காமல் போனால் சூளைக்காரர் வருவார். முடிச்சுட்டே போறேன் என்று சொல்லித் திரும்பக் குனிந்தேன். அப்புறம் போட்ட விதையெல்லாம் எனக்குக் கண்ணில் சரியாகத் தெரியவில்லை, தடவித் தடவித்தான் போட்டேன். கடைசி இரண்டு வரிசைக்கு ஊறிய விதை பற்றவில்லை, சித்தப்பா மூட்டையில் இருந்த காய்ந்த விதையைப் போட்டு முடித்தார். வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் உங்கள் பக்கம் எல்லாரும் தூங்குகிற நேரம். நீ அனுப்பியிருந்ததை அப்பா வாசித்துக் காட்டினார். லீவு குடுக்கலம்மா, இந்த வருஷமும் வர முடியாது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், ஒண்ணுமில்ல, நான் தூங்கப்போறேன்.

அதை நீ அழுதுகொண்டு சொல்ல வேண்டிய நேரத்தில் நான் இல்லை. காலையில் பேசும்போது நீ அழுது முடித்து, முகம் கழுவி, பவுடரும் போட்டுவிட்டிருந்தாய்.

நான்கைந்து நாளாக அப்பா விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேப்பரை எடுத்துக்கொள்வார். நேற்று பேப்பரை எடுக்கவில்லை. வா என்றார். போய்ப் பார்த்தேன். பாப்பா, எப்படிச் சொல்வேன், இடையில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, ஒரே மாதிரி, ஒரே உயரத்தில், கயிறு பிடித்த இடத்தில் எல்லாம் பச்சையாக நிற்கிறது. காய்ந்த விதை போட்ட இரண்டு வரிசையில் மட்டும் இப்போதுதான் அங்கங்கே மண் விண்டிருக்கிறது. இன்னும் பூச்சி உண்டு, வெயில் உண்டு, எல்லாம் தாண்டித்தான் கதிர் பார்க்க வேண்டும், ஆனாலும் இது நிற்கும் என்று தோன்றுகிறது. சித்தப்பா வந்து வரப்பு நெடுக நடந்துவிட்டு, சூளைக்காரரிடம் நானே பேசிக்கறேன், வேண்டாம்னு சொல்லிடறேன் என்றார். அடுத்து பயறு போட்டால் எவ்வளவு நேரம் ஊறணும் என்று ஸ்கூட்டர்ப் பொண்ணிடம் கேட்டுக்கொண்டார், அதற்கு இதைவிடக் குறைவாம்.

எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்க, எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. அப்பா பயந்துபோய் முழங்காலா என்றார். இல்லை, எனக்குப் பாப்பாவைப் பார்க்கணும் என்றேன். வரமாட்டேங்கறாளா, முடியலங்கறா என்று அவர் உனக்காக வாதாட ஆரம்பித்தார். அவ வர வேண்டாம், நான் போறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அங்கே வரச்சொல்லி நீ எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய், அப்பாவுக்குச் சாப்பாடு, வயல், கால்வலி என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வேன். உண்மையில் எனக்குப் பயம், விமானத்தில் ஏறவும் பயம், அங்கே பேச்சுத் தெரியாமல் உனக்குப் பாரமாக நிற்கவும் பயம். பயம் இப்போதும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அறுவடை முடிந்ததும் கிளம்புகிறேன். அப்பாவுக்குச் சாப்பாடு சித்தி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள், உப்புப் போட மறக்காதே என்று மட்டும் அவளிடம் சொல்ல வேண்டும். ஸ்கூட்டர்ப் பொண்ணு நாளைக்கு என்னைப் பின்னால் உட்காரவைத்து பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கூட்டிப்போகிறாள்.

நீ என்னை ஊர் சுற்றிக் காட்ட வேண்டாம், லீவு போடவும் வேண்டாம். நீ வேலைக்குப் போ, நான் வீட்டில் இருக்கிறேன். சாயந்திரம் நீ சாவியைப் போடுவதற்குள் நான் கதவைத் திறக்க வேண்டும், அது போதும் எனக்கு.

நோய் நொடி அண்டாமல், மனம் வாடாமல், எடுத்த காரியம் கைகூடி நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஈரத்தலையோடு வெளியே போகாதே. அங்கே குளிருக்கு எவ்வளவு தடிமனான ஸ்வெட்டர் வேண்டும் என்று உடனே சொல், இங்குள்ள கடைக்காரருக்கு அது பற்றி ஒன்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க வரும் அம்மா