அக்காவைப் பற்றி ஒரு பக்கம்

டிசம்பர் 11, வியாழன்

பனிமூட்டம். துணி காயவில்லை. காலை எட்டுக்கே தெருக் கிளப்பின் செயலாளர் பாப்லுதா வாசலில். கோமதி அக்கா கால்பந்து ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதற்காக ஞாயிறு மாலை பாராட்டு விழா. சால்வை, பூங்கொத்து, சந்தேஷ் இனிப்புப் பெட்டி. மேடையில் வாசிக்க ஒரு பக்கம் வேண்டுமாம்.

“யுனிவர்சிட்டிக்காரன், நீதான் எழுதணும், ஷொங்கோர். குடும்பம், படிப்பு, சமூக சேவை. கோல் தடுத்த கதையெல்லாம் வேணாம். அதை நானே மைக்கைப் பிடிச்சுச் சொல்லி அழுவேன்.” வங்காள வாயில் என் பெயர் ஷொங்கோர்.

குறிப்புகள்:
குடும்பம் – அப்பா (கார்டன் ரீச் ரயில்வே அலுவலகம், ஓய்வு), அம்மா, நான்.
படிப்பு – புள்ளியியல். தங்கப் பதக்கம். முனைவர்.
சேவை – ஞாயிறுதோறும் கார்டன் ரீச்சில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி. முதல் ஒரு மணி நேரம் கணக்கு. முடிக்காதவர் பந்தைத் தொடக் கூடாது.
ஆட்டம் – டிஃபென்ஸ். மாநில அணி, இந்திய அணி, கேப்டன். முட்டி அறுவை. மாநில அணியில் சேர்ந்தது இருபத்துமூன்று வயதில்.

அந்த வரியோடு நிறுத்திவிட்டேன்.

12, வெள்ளி

வெயில் வரவே பதினொன்று. பக்கம் நகரவில்லை. இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு, எனக்குப் பதினான்கு. அந்த வருடம்தான் டிஃபென்ஸை விட்டு நடுக்களத்துக்கு மாறியிருந்தாள். பயிற்சியாளர் வேண்டாம் என்றார். பிடிவாதம். மாநில அணித் தேர்வில் அங்கேதான் ஆடினாள். விண்ணப்பத்தில் அப்பாவின் கைபேசி எண்.

அழைப்பு வந்தபோது அவள் அம்மாவோடு கரியாஹாட் கடைத்தெருவில். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். நான் எடுத்தேன். முகாமுக்குத் தேர்வாகிவிட்டாள், நாளை வரச் சொல்லுங்கள். ஃபோனைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன். ரேசர் பிடித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அடுத்த மாதம் பரீட்சை.

“அக்கா வரமாட்டா. படிக்கணும்.” என் மிகச் சுத்தமான வங்காளத்தில்.

அழைப்பு வந்தது தெரியாமல் ஒரு வாரம் காத்திருந்தாள். ரோஷக்காரி, யாரிடமும் போய்க் கேட்கவில்லை. “லிஸ்ட்ல நான் இல்லடா. நடுவுல ஆட எனக்கு வராது போல.” பூட்ஸைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலடியில் தள்ளினாள். திரும்ப எடுக்க மூன்று வருடம். எடுத்தது டிஃபென்ஸ் ஆட. நடுக்களம் பக்கம் போகவே இல்லை.

13, சனி

நூலகப் புத்தகம், தவணை முடிந்தது. அம்மாவுக்கு மாத்திரை.

அப்பா வரைவைப் படித்தார். “பெற்றோரின் முழு ஒத்துழைப்போடன்னு ஒரு வரி சேத்துக்கோலே.”

அந்த ஃபோனைப் பற்றிக் கேட்டேன்.

“எந்த ஃபோன்?” கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். “அன்னைக்குப் போயிருந்தா இன்னைக்குப் பேருக்கு முன்னால டாக்டர் இருக்குமா?”

“அவகிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“நான் கையைத்தான் ஆட்டினேன். சொன்னது நீ.”

சரிதான். பதினான்கு வருடமாக எனக்கும் வாய் இருந்தது.

14, ஞாயிறு

குளிர் காற்று, ஆற்றுப் பக்கமிருந்து. அக்காவோடு கார்டன் ரீச். பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து கணக்கு.

“தீதி, ஏழாவது கணக்கு புத்தகத்துலயே தப்பு!”

“புத்தகம் சரிதான். நீதான் கோல் போஸ்டைப் பாத்துக்கிட்டே போடுற.”

அக்கா பந்துக்குக் காற்றடிக்க உட்கார்ந்தாள், முட்டியை நீட்டி. விழாவுக்கு முன் சொல்லிவிட வேண்டும். சொன்னேன். ஃபோன், ரேசர், என் வங்காளம், எல்லாம்.

பம்ப் நின்றது. அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

“எந்த இடத்துக்குன்னு சொன்னாங்களா? நடுவுலயா, டிஃபென்ஸா?”

“நான் கேக்கலக்கா.”

தலையாட்டினாள். பம்பை என் கையில் கொடுத்துவிட்டு ஏழாவது கணக்கைப் பார்க்கப் போனாள், சற்று நொண்டியபடி.

பந்து கல்லாகிவிட்டது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.