ஓடும்போது மட்டும் வந்த வலி

இன்று லிஃப்ட் ஓடவில்லை. தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்த வாட்ச்மேன், "தம் லாக்லா, தாயி" என்று சுவரில் சாய்ந்தார். எனக்கு உங்கள் சிரிப்புதான் கேட்டது அக்கா.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து புனேயில் இந்த வாகட் பகுதிக்கு வந்த புதிது. பள்ளியின் விளையாட்டு டீச்சர் போனில் என் மகளைப் பற்றி மராட்டியில் ஏதோ 'தம்' என்றார். எனக்கு மராட்டி தெரியாது, தம் தெரியும். ஏழாவது படிக்கிற பெண்ணின் பையைக் கவிழ்த்துத் தேடிவிட்டு, எதிர்வீட்டுக்கு உங்களிடம் அழுதுகொண்டு வந்தேன். "என்ற புள்ள சிகரெட்டு புடிக்கறாளாமுங்க்கா."

புனேயிலேயே பிறந்து வளர்ந்த நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அரே பைத்தியம், இங்க தம் லாக்றதுன்னா மூச்சு வாங்குறதுடி." அப்புறம் சிரிப்பு நின்றது. அவளைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். ஓடினால் மட்டும் நெஞ்சு வலிக்கும், கண் இருட்டும் என்றாள். "என் தம்பி கபடி ஆடறப்பதான் விழுந்தான், எழுந்திரிக்கவே இல்ல. ஏன்னு கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியல. கிளம்பு."

முதலில் பார்த்த டாக்டர் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதினார். எனக்கு நிம்மதி வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய் ஒன்று, பிறவியிலேயே இடம் மாறி முளைத்து, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவில் புகுந்து போகிறது. ஓடும்போது நசுங்குகிறது. வெகு அபூர்வம், விட்டிருந்தால் மைதானத்திலேயே போயிருப்பாள் என்றார்கள். ஆபரேஷன் முடியும்வரை நீங்கள் என் கையை விடவில்லை. பெற்றவள் நான், பிழைக்க வைத்தவர் நீங்கள்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் ஓடலாம் என்றார். நான்தான் விடவில்லை. "மெல்லப் போ கண்ணு" என்று பின்னாலேயே போவேன். "டாக்டர் சரி பண்ணினத நீ பிரேக் போட்டுக் கெடுக்காத" என்று வருஷக்கணக்காகத் திட்டினீர்கள்.

போன மாதம் நீங்கள் சமையலறையில் சரிந்தபோது, ஆம்புலன்ஸ் தப்பான கேட்டில் போய் நின்றது. அழைத்துவர அவள் எழுந்தாள். உங்கள் தலை என் மடியில் இருந்தது. "ஓடு கண்ணு, வேகமா ஓடு" என்றேன். ஓடினாள் அக்கா, எங்கும் நிற்காமல் ஓடினாள். உங்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

அவளை ஓடச் சொன்னது அதுதான் முதல் தடவை. இப்போது தினமும் காலையில் மைதானத்துக்குக் கிளம்புகிறாள். வாசலில் நின்று அதையேதான் சொல்லி அனுப்புகிறேன்.