அனுமதித் தாளில் என் பெயர்

8 ஜனவரி 2025, புதன்

காலை ஐந்து மணிக்கே பனிவண்டியை எடுத்தேன். நேற்று விழுந்த பனி முழங்கால் அளவு. மலையடியில் பனிச்சறுக்கு ஆட்கள் ஓடும் தடத்தை அமுக்கி, கோடு இழுத்துவிட்டு வர எட்டு மணியாகிவிட்டது. பேக்கரி வாசலில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எனக்கா, வண்டிக்கா தெரியவில்லை. எனக்கென்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஜெர்மன் ஊரின் நகரசபை வேலைத்தளத்தில் நாங்கள் பதினாறு பேர். பனிவண்டி அனுமதித் தாளில் இரண்டே பெயர்கள்: பொறுப்பாளர் ஹெர் காம்ப்மன், நான். வண்டி காட்டுக்கானது. ஊருக்குள் அதற்கு ஒரே ஒரு வழி, கொட்டகையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பின்புறமாக மலையடி வரைக்கும். வீடுகளுக்கு நடுவே பத்துக் கிலோமீட்டர் வேகம்தான். மஞ்சள் விளக்கு சுழலவேண்டும். பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. உப்புப் போட்ட தார் ரோட்டில் ஏறவே கூடாது; அங்கே முன் சறுக்குக் கட்டைகள் பிடிக்காது, எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். இந்தக் கடைசி விதி நான் சொல்லிச் சேர்த்தது. ஹெர் காம்ப்மன் அதை நகரசபைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லியே வாசித்தார்.

மார்ச் முடிய என் ஒப்பந்தமும் முடிகிறது. நிரந்தரமாக்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைத்தால் நாற்பத்தாறு வயதில் என் முதல் நிரந்தர வேலை. இவரிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார். என் மனுசனுக்கு எல்லாமே பாப்பம்தான்.

12 ஜனவரி, ஞாயிறு

தம்பி சேயோனும் அவன் மனைவி மிதுசாவும் வந்தார்கள். பெரியபிள்ளையான மகள் ஆரணியின் சாமத்தியச் சடங்கு இருபத்தைந்தாம் திகதி, எங்கள் ஊர் விழா மண்டபத்திலேயே. தகப்பனின் அக்கா நான். வாசலில் நின்று ஆராத்தி எடுக்கும் மாமி. எனக்குப் பிள்ளை இல்லை. அவளை இரண்டு வயதிலிருந்து பின்னேரங்களில் வைத்து வளர்த்தது நான்தான். அவளுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன்?

பேச்சு மெல்ல வண்டிக்கு வந்தது.

"அக்கா, டோர்ட்மண்டில ஒரு பிள்ளை குதிரை வண்டியில வந்தது, இன்னொண்டு ஹெலிகொப்டரில வந்து இறங்கினது. நாங்கள் பனி ஊரில இருக்கிறம். ஆரணி பனிவண்டியில வந்தா, வீடியோ எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ!"

முதலில் சிரித்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

"கொட்டகையில இருந்து மண்டப வாசலுக்கு இருநூறு மீட்டர்தானே, மச்சாள்" என்றாள் மிதுசா.

"இரண்டு மீட்டரும் ஏலாது" என்றேன். விதிகளை ஒன்றொன்றாகச் சொன்னேன். மண்டபத்து ரோட்டில் உப்புப் போடுவதே நாங்கள்தான் என்றும் சொன்னேன். சேயோன் தலையாட்டினான். "ஓம் அக்கா, விளங்குது. விடுங்கோ."

இவர் பக்கத்திலிருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

19 ஜனவரி, ஞாயிறு

நேற்று டோர்ட்மண்ட் போய்ச் சேலை எடுத்தோம். ஆரணிக்கு மாம்பழ நிறம், எனக்குக் கத்தரிப்பூ. கால் இன்னமும் நோகிறது.

26 ஜனவரி, ஞாயிறு

எழுத கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும். பிறகு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

நேற்றுக் காலை வெளிக்கிடும்போது கோட்டைத் தேடினேன். "கோட் என்னத்துக்கு? கார் சூடாத்தான் இருக்கு, சேலை கசங்கும்" என்றார் இவர். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். விசரி! ஞாயிறு விடிய வண்டி எடுக்கிற முறை என்னுடையது, அதனால் வண்டிச் சாவியும் கொட்டகைச் சாவியும் ஒரே வளையத்தில் அந்தக் கோட்டுப் பையில் இருந்தன.

பதினொரு மணி. மண்டப வாசல் கதவடியில் ஆராத்தித் தட்டோடு நான், மற்றத் தட்டோடு எங்கள் குடும்ப நண்பி லூர்தம்மா அக்கா. நாதஸ்வரக்காரர் தயார். எனக்குப் பின்னால் முந்நூறு சனம், எல்லார் கையிலும் போன். அலங்கரித்த கார் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த எஞ்சின் சத்தம் காதில் விழுந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

சேயோன் கோட்டு சூட்டோடு ஓட்டி வந்தான். பின்னால் ஆரணி, தலை நிறையப் பூ. சனம் கைதட்டியது. நான் "நிப்பாட்டடா!" என்று கத்தினேன். நாதஸ்வரத்துக்குள் யாருக்குக் கேட்கும்? வாசலுக்குத் திருப்பினான், வண்டி திரும்பவில்லை. நேரே போய்ப் பூந்தொட்டியில் இடித்தது. அதற்கு முதலே சேலைத் தலைப்பு பின்னால் சுழலும் ரப்பர் பட்டியில் சிக்கி, பிள்ளையை இழுத்துக் கீழே போட்டுவிட்டது.

தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். சேலையைக் கிழித்து எடுத்தது நான். அம்புலன்ஸில் கூடப் போனதும் நான். "மாமி, எனக்குக் கை விளங்கேல்லை, மாமி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. கடவுளே, கழுத்தில் சிக்கியிருந்தால்?

இன்று காலை சேயோன் வந்து அழுதான். சாவி எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தான். "நான்தான் குடுத்தன். ஒரு பத்து நிமிசக் கதைதானே எண்டு நினைச்சன்" என்றார் இவர். மிதுசாவுக்கும் தெரியும். வீடியோக்காரருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது! கதவடியில் பொம்மை மாதிரி தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"பொலிசுக்கு எல்லாம் சொல்லியாச்சு அக்கா, நீங்கள் அந்தரப்படாதேங்கோ" என்றான். அழுத முகத்தைப் பார்த்துப் பாதி மன்னித்துவிட்டேன்.

27 ஜனவரி, திங்கள்

ஹெர் காம்ப்மனிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தம்பி ஓட்டினான், சாவி என் கோட்டிலிருந்து போனது. சாவிக்கு நான் பொறுப்பு என்றும் சொன்னேன். பொலிஸ் அறிக்கை வரும்வரை வண்டியைத் தொடவேண்டாம் என்றார். சரிதானே.

6 பெப்ரவரி, வியாழன்

பொலிஸ் கடிதம். கவனக்குறைவால் உடற்காயம் ஏற்படுத்திய குற்றம். ஓட்டியவர் என்ற இடத்தில் என் பெயர்.

மூன்று தரம் வாசித்தேன். ஜெர்மன் எனக்கு விளங்காமல் போய்விட்டதோ என்று அகராதியும் பார்த்தேன். சாட்சி ஒன்று: என் தம்பி. சாட்சி இரண்டு: என் கணவர். நான் அம்புலன்ஸில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போன நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் ரோட்டில் நின்று இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டையில போவான்! என்ர சொந்தத் தம்பி!

இவர் முன்னால் தாளைப் போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உமக்கு அனுமதி இருக்குத்தானே, பாமா. நீர் ஓடினதெண்டா ஒரு எச்சரிக்கையோட விடுவாங்கள். அவனெண்டா லைசென்ஸ் போயிடும். பார்சல் வான் ஓடுறவன், லைசென்ஸ் இல்லாமல் என்னத்தைச் செய்வான்?"

"என்ர வேலை?"

"அதைப் பேந்து பாப்பம்."

எனக்கு அனுமதி இருப்பதால்தான் என்னை மாட்டினார்களாம். பின்னால் ஆள் ஏற்றாதே, தார் ரோட்டில் ஏறாதே என்று எழுதிக் கொடுத்தவளே பிள்ளையை ஏற்றித் தார் ரோட்டில் போனாள் என்று ஆகிவிட்டது. இதைவிட என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

7 பெப்ரவரி, வெள்ளி

அறிக்கையின் பிரதி ஹெர் காம்ப்மனுக்கும் வந்திருக்கிறது. "நீங்கள் என்னிடம் ஒன்று சொன்னீர்கள். உங்கள் கணவர் வேறொன்று சொல்லியிருக்கிறார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

யாராவது சாட்சி இருக்கிறார்களா என்று கேட்டார். முந்நூறு பேர் என்றேன்.

15 பெப்ரவரி, சனி

ஒரு கிழமையாக எல்லாருக்கும் போன்.

வீடியோக்காரர்: "அக்கா, அந்தத் துண்டை சேயோன் அண்ணை அழிக்கச் சொன்னவர், அழிச்சிட்டன். என்ர பிழைப்பு இது, விளங்கிக்கொள்ளுங்கோ." மிதுசாவின் அண்ணன் போனை எடுக்கவேயில்லை. நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம். மற்றவர்களுக்கு அந்த நேரம் பார்த்து போனில் சார்ஜ் இல்லை. முந்நூறு போனிலும் சார்ஜ் இல்லை!

லூர்தம்மா அக்கா வீட்டுக்கே போனேன். இருபது வருடப் பழக்கம். இவருக்கு ஒப்பரேசன் நடந்தபோது பத்து நாள் எங்கள் வீட்டில் சமைத்தவர். என் தோளோடு தோள் முட்டி நின்றவர்.

"நான் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டு நிண்டனான், பாமா."

"அக்கா, சடங்கு வீட்டு வாசலில என்ன செபம்?"

பிளேன்டி ஊற்றித் தந்தார். "எங்கட ஆக்களுக்குள்ள நாங்களே பொலிசுக்குப் போறதோ? நாளைக்கு என்ர வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆர் வருவினம், சொல்லும்?"

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் இருந்து அழுதேன். ஒரு ஜெர்மன் பெண் கடதாசிக் கைக்குட்டை தந்துவிட்டுப் போனாள்.

16 பெப்ரவரி, ஞாயிறு

ஆரணியைக் கேட்கலாம். அவளுக்குத் தெரியும். கேட்கமாட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தகப்பனுக்கு எதிராக நிறுத்துவதா? அவள் எனக்கும் பிள்ளைதான். இதை இங்கே எழுதி வைக்கிறேன்: கேட்கமாட்டேன்.

பொலிஸ் கடிதத்தோடு வந்த படிவத்தை நிரப்பினேன். நான் ஓட்டவில்லை, கதவடியில் இரண்டு கையிலும் தட்டோடு நின்றேன். சாட்சி என்ற இடத்தில் கோடு கீறினேன்.

5 மார்ச், புதன்

ஆரணி சொல்லிவிட்டாள். பொலிசிலிருந்து போனில் அறிவித்தார்கள்.

கை எப்படி முறிந்தது என்று கேட்கப் பெண் பொலிஸ் ஒருவர் தாயையும் பிள்ளையையும் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொன்னாராம். மிதுசா பக்கத்தில் இருக்கும்போதே, "மாமி கதவடியில நிண்டவ. ஓடினது அப்பா" என்று சொல்லியிருக்கிறாள். பிறகு மண்டபக் காவலாளியையும் விசாரிக்க, கோட்டு சூட் போட்ட ஆணைத்தான் கண்டதாக அவரும் சொன்னாராம். அவரை முதலில் யாருமே கேட்கவில்லை.

சந்தோசப்பட எனக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. பிறகு மிதுசாவின் போன். "பிள்ளையைத் தகப்பனுக்கு எதிராத் திருப்பி விட்டிட்டியளே! என்னத்தைச் சொல்லிக் குடுத்தனியள்? இனி எங்கட படலை திறக்கக்கூடாது நீங்கள்." நான் கேட்கவில்லை என்றேன். கேட்கவில்லை என்று கத்தினேன். வைத்துவிட்டாள்.

இவர் வாசற்படியில் நின்றார். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம் நீர்" என்றார்.

பதினெட்டு வருடம் பொறுத்தாயிற்று. அலுமாரியைத் திறந்து அவருடைய உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கினேன். நான் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க போறது நான்?" என்று கேட்டார். பொய் சொன்ன இடத்துக்குப் போங்கோ என்றேன். போய்விட்டார், சேயோன் வீட்டுக்கு.

6 மார்ச், வியாழன்

ஆரணியின் போன் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆறு தரம் எடுத்துப் பார்த்தேன்.

3 ஏப்ரல், வியாழன்

என் மீதான வழக்கைக் கைவிட்டார்கள். சேயோனுக்குத் தண்டப்பணம், மூன்று மாதம் வாகனம் ஓட்டத் தடை. பொய் சொன்னதற்கு இரண்டு பேருக்கும் தனி விசாரணையாம். எனக்குச் சாவிக்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கையெழுத்துப் போட்டேன். நிரந்தரம் இல்லை, ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். சாவி இனி யார் வீட்டுக்கும் போகாது என்று புது விதி. அந்த விதியை எழுத ஹெர் காம்ப்மன் என்னையே கூப்பிட்டார். எழுதினேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. வரும் என்று நினைத்தது என் பிழை.

9 ஜூன், திங்கள்

ஆரணியின் பிறந்தநாள். பதினான்கு. பரிசைத் தபாலில் அனுப்பியிருந்தேன். சனிக்கிழமையே பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. மேலே என் முகவரி மிதுசாவின் கையெழுத்தில்.

12 ஜனவரி 2026, திங்கள்

இந்த வருடத்தின் முதல் பெரிய பனி. அனுமதித் தாளைப் புதுப்பித்து வெள்ளிக்கிழமைதான் கையில் தந்தார்கள். மலையடி வேலை முடித்து, பள்ளிக்கூடத்துப் பின்புறமாகப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. ஐந்தாறு பெண் பிள்ளைகள் பாதையைக் கடக்க நின்றார்கள். பிள்ளைகள் நின்றால் நிறுத்தவேண்டும், எஞ்சினையும் அணைக்கவேண்டும். அணைத்தேன்.

நடுவில் ஆரணி. நல்லாய் வளர்ந்துவிட்டாள். முடியை வெட்டியிருக்கிறாள். கை நேராக இருக்கிறது, அதைத்தான் முதலில் பார்த்தேன். என் தலைக்கவசக் கண்ணாடியை மேலே தூக்கினேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற தோழி ஜெர்மனில் கேட்டாள், உனக்கு அவரைத் தெரியுமா என்று. எஞ்சின் ஓடாததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"நைன்" என்றாள். இல்லை என்று.

எல்லாப் பிள்ளைகளும் கடந்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகு வண்டியைக் கொட்டகையில் விட்டு, சாவியை ஹெர் காம்ப்மனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.