ஐந்து பெட்டிகளும் ஒரு குளிர்காலமும்

செவ்வாய் நிலையம், நாள் 212, காலை 07:10
பதிவு: விஜிலா, தேனீப் பொறுப்பு. மற்ற மூவரும் பூமிக்குக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த குழு வசந்தத்தில் வரும். அதுவரை எனக்கு வேலை ஒன்றுதான்: ஐந்து பெட்டித் தேனீக்களைக் குளிரைத் தாண்ட வைப்பது. இவை போனால் பண்ணையில் ஒரு பூவும் காயாகாது; வருகிறவர்களுக்குச் சாப்பாடு இல்லை. கிடங்கு 4 டிகிரி. பெட்டிகள் நலம். சத்தமே இல்லை.

நாள் 231, மாலை 16:40
இந்த அமைதி என்னைத் தின்கிறது. எங்கள் ஊர் மார்த்தாண்டத்தில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஒன்றில் வைப்போம், அவ்வளவுதான். பாவம், நடுங்குமே என்று ஐந்தையும் என் அறைக்கே தூக்கி வந்தேன். 24 டிகிரி. கிடங்கு இனி வேண்டாம் என்று அதன் காற்றை வெளியேற்றி மூடியாயிற்று. திரும்ப நிரப்பக் காற்று கையிருப்பில் இல்லை. ரீங்காரம் வந்துவிட்டது! ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கிறது.

நாள் 262, காலை 09:05
மூன்று பெட்டிகள் காலி. இல்லாத பூவைத் தேடிப் பறந்த தேனீக்கள் விளக்கடியில் விழுந்து கிடக்கின்றன. அந்தப் பெட்டிகளின் தேனடைச் சட்டங்களில் சொட்டுத் தேன் இல்லை. ஊட்டச் சர்க்கரையும் தீர்ந்தது. பூமிக்கு எழுதினேன்.

நாள் 264, முற்பகல் 11:30
தேனீப் பிரிவு ரசலையன் அண்ணனின் பதில்:
“ஏன் பிள்ளே சூடாக்கின? குளிரு அதுவள ஒண்ணும் செய்யாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பந்துபோல கெடக்கும். சூடு கண்டா முழிச்சு, இருக்க தேனையெல்லாம் தின்னு தீத்துரும். உடனே குளிர வை. குளிர்ந்த பொறவு பெட்டியைத் தொறந்து மட்டும் பாக்காத, கேட்டியா?”
குளிர வைக்க, நான் வாழும் இந்த அறையைத் தவிர காற்றுள்ள வேறு இடமில்லை. அவருக்கு அதை எழுத வெட்கமாக இருந்தது. நடுங்குமே என்று சொன்னது சும்மா. எனக்குத்தான் சத்தம் வேண்டியிருந்தது.

நாள் 266, 08:00
நான்காவதும் போயிற்று. ஐந்தாவதில் ராணி இருக்கிறாள், கொஞ்சம் தேனும் இருக்கிறது. ஹீட்டரை நிறுத்தினேன்.

நாள் 269, 13:20
5 டிகிரி. எல்லாச் சட்டையையும் போட்டுக்கொண்டேன். பெட்டி அடங்கிவிட்டது. தூங்குகின்றனவா, செத்துவிட்டனவா? திறந்தால் தூங்குகிறவையும் சாகும்.

நாள் 301
விரல் மரத்துவிட்டது, எழுத்து கோணல். வருகிறவர்களே, நான் எப்படிக் கிடந்தாலும் அறையைச் சூடாக்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.

நாள் 330க்கு மேல்
கேட்கிறது! ரீங்காரம். மெதுவாக, தெளிவாக. அழுதுவிட்டேன்.
அழும்போது சத்தம் நின்றது.
வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை.
கையை எடுத்ததும் மறுபடி கேட்கிறது. என் உதடுகள் அதிர்கின்றன.