வலது பக்க உருளை

மார்ச் 3, செவ்வாய்

வேனின் பக்கக் கதவு பாதி வழியில் நின்றுவிட்டது. இழுத்தால் முனகுகிறது, தள்ளினால் சாய்கிறது. இருபத்தாறு வருடப் பழைய வேன்; உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, கதவுக்குத்தான் உயிர் இல்லை. கழற்றிப் பார்த்தேன். கதவை ஓட்டும் நடு உருளை உடைந்திருக்கிறது.

போன மாதம் வண்டியை வாங்கிக்கொண்டு போனது யார்? மச்சினன். "நான் கதவையே தொடல அத்தான்" என்கிறான். நான் கேட்கவே இல்லை, அதற்குள் பதில்!

மார்ச் 5

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவியால் முன் சீட்டில் ஏற முடியாது. பக்கக் கதவுப் படிதான் தாழ்வு. பதினெட்டாம் தேதி இவள் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாய் விட்டாயிற்று. அக்கா படுத்த படுக்கை. பார்த்து மூன்று வருடம்.

மார்ச் 7

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்துக்குப் போனேன். நடத்துவது ஒரு பெண்மணி.

"எந்தப் பக்கம்ணே?"

"வலது."

"ஒடஞ்சத கொண்டாந்தீங்களா?"

பையில்தான் இருந்தது. காட்டவில்லை. நம் அவசரம் தெரிந்தால் விலையை ஏற்றுவாள். துணியில் சுற்றி ஒன்றைக் கொடுத்தாள். எதற்குச் சுற்ற வேண்டும்?

மார்ச் 8

பொருந்தவில்லை. வளைவு எதிர்ப்புறம்.

மார்ச் 10

மாற்றித் தந்தாள். மறுபடி அதே வளைவு. விற்காத சரக்கை என் தலையில் கட்டுகிறாள். இளிச்சவாயன் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா? கண்ணாடியில் பார்த்தேன். லேசாகத் தெரிகிறது.

மார்ச் 12

என் சின்னத் திருப்புளியையும் காணோம். மச்சினன் வேலைதான் என்றேன்.

"என் தம்பி அத வச்சு என்ன பண்ணுவான், பல்லு குத்துவானா?"

அக்கா வீட்டுக்குப் போகப் பெட்டியில் அடுக்கிய துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். திட்டித் தொலைத்தாலாவது பரவாயில்லை.

மார்ச் 14

கதவைக் கயிற்றால் கட்டி, வேனையே ஓட்டிப் போனேன். போனதும் கத்தினேன். "ஏம்மா, ஒரே சாமான எத்தன தடவ விப்பே?"

அவள் எழுந்து வந்தாள். "வலது எதுண்ணே?"

வேனுக்கு எதிரே நின்று கை காட்டினேன். "ஏறி உக்காந்து காட்டுங்க" என்றாள். ஏறினேன். வலது கையை நீட்டினேன். அது ஓட்டுகிறவன் ஜன்னல் வழியாக வெளியே போனது. பக்கக் கதவு எனக்கு இடப்புறம் கயிற்றோடு தொங்கியது.

"வண்டிக்கு வலதுன்னா ஓட்டறவன் வலதுண்ணே. எதிர்ல நிக்கறவன் வலது இல்ல. நெறைய பேருக்கு வர்ற கொழப்பந்தான். ஆனா ரெண்டு தடவ திரும்பி வந்தது நீங்க ஒருத்தர்தான்."

முதல் நாளே உடைந்ததைக் காட்டியிருந்தால் — சரி, விடு.

மார்ச் 15

மாற்றி வாங்கி வந்த இடது பக்க உருளையை மாட்டுவதற்கு முன் அது ஓடும் பள்ளத்தைத் துடைத்தேன். உள்ளே என் சின்னத் திருப்புளி. நன்றாக நசுங்கி, வளைந்து. ஜனவரியில் அங்கே உட்கார்ந்து விளக்கு மாட்டியது யார்?

நான்.

மார்ச் 18

கதவு ஒற்றை விரலுக்கு ஓடுகிறது. மச்சினனை வேன் ஓட்டக் கூப்பிட்டிருந்தேன். வந்ததும் திருப்புளியை அவன் கையில் வைத்தேன்.

"என்ன அத்தான், இப்படி வளைஞ்சு கெடக்கு?"

"கதவுக்குள்ள இருந்துச்சு. போட்டது நான்தான்டா."

திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

இவள் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியைப் பார்த்து நின்றாள்.

"வலது கால மொதல்ல வைக்கணும்னு டாக்டர் சொன்னாரு. என் வலதா, உங்க வலதா?"