எத்தனை பனை?

9-2-1955, புதன்

ஒத்துக்கொள்கிறேன்: மிஷன் ஆஸ்பத்திரி நர்சு நேசபாய்க்கு நான் வழிகாட்டப் போவது ஊர் நன்மைக்காக அல்ல. போகிற வீட்டில் எல்லாம் கருப்பட்டிக் காப்பி கிடைக்கிறது. இன்று ஏழு வீடு, ஏழு காப்பி. வயிறு கடமுடா.

போன ஆகஸ்டில், தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட போராட்டத்தில், போலீஸ் எங்கள் பனையேறிக் குடிகளுக்குள் புகுந்து அடித்ததே, அந்த அடி யார் உடம்பை என்ன செய்திருக்கிறது என்று நர்சு வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்கள். ஏழு வீட்டிலும் ஒரே பதில்: "கர்த்தர் கிருபையில சுகம்." போதகர் வந்தால் சொல்கிற அதே பதில்! பக்கத்து வீட்டு மத்தியாசுக்கு அந்த அடியிலிருந்து கை மடங்காது. அவனும் சுகமாம்.

10-2-1955

நர்சிடம் சொன்னேன்: "சுகமான்னு கேட்டா சுகம்னுதான் சொல்லுவான். ஒருநாளு எத்தனை பனை ஏறுதியன்னு கேளுங்கம்மா. அதுல எவனும் பொய் சொல்லமாட்டான்."

கேட்டார்கள். மத்தியாஸ் தரையைப் பார்த்தான். "முந்தி முப்பது. இப்ப பதிமூணு."

14-2-1955

இருபத்தாறு வீடு முடிந்தது. நர்சு எழுதிய தாளை விரித்துக் காட்டினார்கள். எப்பா! அவனவன் தன் வீட்டுச் சங்கதி என்று மூடி வைத்திருந்ததெல்லாம் ஒரே தாளில் வரிசையாக நிற்கிறது. அடிபட்டவர்களுக்குப் பனை பாதியாகிவிட்டது. அடி விழாத பெண்களுக்கும் தூக்கமில்லை — ஜீப் சத்தம் கேட்டால் நெஞ்சு இடிக்கிறதாம். அடித்தவன் போய் ஆறு மாதம். அடி இன்னுமா வேலை செய்கிறது?

"அடுத்தது உங்க வீடு, அண்ணாச்சி. எத்தனை பனை?"

"எம் பனையெல்லாம் லீவுல இருக்கு," என்றேன். நர்சு சிரிக்கவில்லை.

என் பெண்டாட்டி ராகேல் உள்ளேயிருந்து, "முட்டு வாதம், ஏற முடியலன்னு ஊர ஏமாத்துதியளே, அந்தத் தாளையுமா ஏமாத்தப் போறிய?" என்றாள்.

15-2-1955

சொல்லிவிட்டேன். போலீஸ் புகுந்த அன்றைக்கு ஓலை வெட்டிவிட்டு இறங்குகிறேன் — கீழே லத்தியோடு நாலு பேர். இறங்க இறங்கத் தோளுல அடிச்சானுவ. தோள் எப்போதோ ஆறிவிட்டது. இப்போது பயம்தான். மேலே போனால் கீழே யாரோ நிற்பது போலவே இருக்கிறது. முந்தி முப்பத்திரண்டு பனை. இப்போது ஒன்றுமில்லை.

நர்சு மெதுவாகச் சொன்னார்கள்: "கீழ யாரோ நிக்க மாதிரி இருக்குன்னு இன்னும் ஒம்பது பேரு சொன்னாவ, அண்ணாச்சி."

ஒன்பது பேர்! நான் ஒருத்தன்தான் என்றல்லவா இருந்தேன்?

3-3-1955

ஒரு பனை ஏறினேன். மேலேயிருந்து கீழே பார்த்தேன். நின்றது மத்தியாசும் நர்சும்தான். பதநீர் வடியக் கட்டக் கொண்டுபோன கலயம் கை நழுவி, பனையடியில் நர்சு விரித்து வைத்திருந்த குடைமேல் விழுந்தது. இறங்கினேன். நர்சு தாளில் "ஒரு பனை" என்று எழுதினார்கள். குடையில் ஒரு கலயம் போகிற அளவுக்கு ஓட்டை.